அறுவடைக்கு முந்திய ஞாயிறு

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நகம் கடிக்காதே என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவளின் சொந்தப் பிள்ளை, பத்து விரலையும் ஒட்டக் கடித்து வைத்திருந்தது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கணக்கில் நர்ஸ் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஆரம்பப் பள்ளியின் நர்ஸுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்ததாலேயே, யாராவது மகளின் கையைப் பார்த்தால் அவள் முகம் சுருங்கிவிடும்.

மகளுக்கு எட்டு வயது. அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பிரிட்ஜ் மெக்கானிக்கான அப்பா அவளுக்கு வைத்த செல்லப் பெயர் அணில். எந்நேரமும் இரண்டு கையையும் வாய்க்குக் கொடுத்துக் கொறித்துக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார் மனிதர்? வேடிக்கையாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பழக்கமும் போவேனா என்று நின்றுவிட்டது.

நர்ஸ் பார்க்காத வைத்தியம் இல்லை. விரல் நுனியில் கசப்பு மருந்து தடவினாள். அணில் முதலில் முகம் சுளித்தாள், பிறகு பழகிக்கொண்டாள், கடைசியில் "மருந்து தீந்து போச்சும்மா" என்று அவளே வந்து ஞாபகப்படுத்தினாள். பிளாஸ்திரி சுற்றினால் அதையும் கடித்துத் துப்பினாள். நகக்கண்ணில் குடியிருக்கும் புழு முட்டைகளின் படத்தைப் பெரிதாக்கிச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒட்டியதில் அணிலுக்குச் சாப்பாடு இறங்காமல் போனதே தவிர, நகம் தப்பவில்லை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் புறங்கையில் ஓங்கி அடித்தும் விட்டாள். அன்றைக்கு அடித்தவளும் சாப்பிடவில்லை.

இத்தனைக்கும் காரணம் தான்தான் என்பது நர்ஸின் உறுதியான தீர்ப்பு. அணில் கைக்குழந்தையாக இருந்தபோது, தூங்கும் நேரம் பார்த்து நகம் வெட்டிவிடுவாள். ஈர்க்குச்சி முனை அளவுக்கு இருக்கும் ஒவ்வொரு துண்டும். அது அவர்கள் இருவருக்கும் மட்டுமான வேலை. பிறகு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி தொடங்கியது. பிள்ளை அப்பா மடியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகியது. விரலும் அப்போதுதான் வாய்க்குப் போயிற்று. அதற்குப் பிறகு வெட்டுவதற்கு நகமே இருந்ததில்லை. சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்கு அவள் வந்ததே இந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருக்கத்தான். பக்கத்தில் வந்தாயிற்று. விரல் மட்டும் வாயை விட்டு வரவில்லை.

இந்த நிலையில்தான் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். கை, பல், நகம் பற்றிப் பிள்ளைகளுக்கு வாரா வாரம் பாடம் நடத்துவாளாம். முடியை ஒழுங்காகச் சீவத் தெரியாது. சிரித்தால் அடுத்த வகுப்பு வரை கேட்கும். எங்கே கையை வைத்தாலும் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும் என்பதால், வந்த அன்றே பிள்ளைகள் அவளுக்குச் சாக்பீஸ் மிஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாமான்களை வைக்க நர்ஸ் அறையில் கொஞ்சம் இடம் கேட்டாள். எடை பார்க்கும் இயந்திரத்துக்கும் பஞ்சு அலமாரிக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. இடமில்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

முதல் பாடம் மூன்றாம் வகுப்பில். நர்ஸ் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சாக்பீஸ் மிஸ் புழுவைப் பற்றிப் பேசவில்லை, அதட்டவில்லை. எல்லாப் பிள்ளைகளின் விரலிலும், வகுப்பு டீச்சரின் விரலிலும்கூட நீலச் சாக்பீஸ் தூளைத் தடவிவிட்டு, தொலைந்துபோன ஒரு நாயின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். நாய் பெரிய சாலையைக் கடக்கிற இடம் வந்ததும் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கதை முடிந்து கண்ணாடியைக் கொடுத்தாள். பாதி வகுப்புக்கு உதடு நீலம். வகுப்பு டீச்சருக்கும் நீலம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், டீச்சர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் பாடமே. கை எப்போது வாய்க்குப் போயிற்று என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். நாய் சாலையைக் கடக்கும்போது என்றார்கள். அப்படியானால் பயம் வந்தால் போகிறது. வேறு எப்போதெல்லாம் போகும்? கணக்குப் பரீட்சை என்றது ஒன்று. டிவி பார்க்கும்போது என்றது இன்னொன்று. அணில் எழுந்து நின்றாள். உதடு முழுக்க நீலம்.

"அம்மா இன்னும் வரலைன்னா போகும் மிஸ்."

பின்னால் நின்றிருந்த நர்ஸுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக ஏன் கடிக்கிறாய், ஏன் கடிக்கிறாய் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் வாயைத் திறக்காத பிள்ளை, முந்தாநாள் வந்தவளிடம் ஒரே கேள்வியில் கொட்டிவிட்டது. நர்ஸ் சத்தமில்லாமல் வெளியே வந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கிண்ணங்களை மறுபடி கழுவினாள்.

சாக்பீஸ் மிஸ்ஸின் வைத்தியம் இவ்வளவுதான்: கை வாய்க்குப் போவது தெரிந்தால், கட்டைவிரலை உள்ளே மடக்கி, பயம் போகிற வரைக்கும் முஷ்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வது. அல்லது அவள் தைத்துக் கொடுத்த சின்னத் துணிப்பந்தைப் பிசைவது. மறந்துபோய்க் கடித்துவிட்டால் திட்டு கிடையாது, "அடுத்த தடவை பிடிச்சிடலாம்" அவ்வளவுதான். நகச்சுற்று ஏன் வருகிறது, சீழ் எப்படிக் கட்டுகிறது, பல்லின் நுனி எப்படித் தேய்கிறது என்பதையெல்லாம் பிள்ளைகளையே கண்டுபிடிக்க வைத்தாள். அத்தனையும் நர்ஸ் தொண்டை வறளச் சொன்ன விஷயங்கள். அவள் சொன்னபோது கொட்டாவி விட்ட வாய்களெல்லாம் இவள் கேட்டபோது நான் நான் என்று கத்தின.

நகத்தின் வெள்ளை விளிம்பு சதையைத் தாண்டி வந்துவிட்டால் அது விளைச்சல். பாடங்கள் முடிகிற நாளில் எல்லோருக்கும் நகம் வெட்டும் விழா. அதற்கு அறுவடை நாள் என்று பெயர். அதுவரை நகத்தை யாரும் தொடக்கூடாது என்பது சாக்பீஸ் மிஸ்ஸின் சட்டம்.

அணில் சட்டத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வீட்டில் பேச்செல்லாம் மிஸ், மிஸ், மிஸ். மிஸ்ஸுக்கு விசில் அடிக்க வருமாம். மிஸ்ஸும் சின்ன வயதில் நகம் கடித்தாளாம். பள்ளி விட்டதும் நர்ஸ் அறைக்கு ஓடி வருகிற பிள்ளை, இப்போது துணிப்பந்துகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கித் தர நின்றுவிடுகிறது. நகமும் சதையுமாக இருந்தார்கள் என்று சொன்னால் நர்ஸ் அடிக்க வருவாள், ஆனால் அதுதான் நிலவரம்.

ஒருநாள் தாழ்வாரத்தில் சாக்பீஸ் மிஸ் எதிரே வந்து, முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

"உங்க பொண்ணுக்குச் சுண்டுவிரல்ல வெள்ளை வந்துடுச்சு, பாத்தீங்களா?"

நர்ஸ் பார்த்திருக்கவில்லை. பார்த்தேனே என்றாள். முதல் பல் முளைத்ததை எதிர்வீட்டுக்காரி வந்து தாயிடம் சொன்னால் எப்படி இருக்கும்? அன்று மாலை வரைக்கும் ஊசி போட வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே வலித்திருக்கும்.

அன்றைக்கு வீட்டில், அந்த அம்மா ஒன்றும் டாக்டர் இல்லை, துணியில் பந்து தைக்கத் தெரிந்தால் போதுமா என்று ஆரம்பித்தாள். மெக்கானிக் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"ரிப்பேர் ஆச்சா, இல்லையா? யாரு ஸ்க்ரூ திருகினா உனக்கென்ன?"

"நானும் இத்தனை வருஷமா அதைத்தானே திருகறேன்" என்றாள் அவள். அவர் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

மகள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்படவில்லை என்றில்லை. ஆசைப்பட்டாள். ஆனால் தன் கையால் நல்லபடியாக ஆக வேண்டும். தான் கெடுத்ததைத் தான்தான் சரிசெய்ய வேண்டும். அதை வேறொருத்தி, அதுவும் சிரித்துக்கொண்டே, வியர்வை சிந்தாமல் செய்துவிட்டுப் போனால், பொறாமை வராமல் என்ன செய்யும்? வந்தது. உட்கார்ந்தால் வந்தது, நின்றால் வந்தது, சாக்பீஸ் மிஸ்ஸின் சிரிப்பு சுவரைத் தாண்டிக் கேட்கும்போதெல்லாம் வந்தது.

அறுவடை புதன்கிழமை என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலையில், அணில் தலை துவட்டிக்கொண்டு நின்றபோது நர்ஸ் அந்தக் கைகளைச் சரியாகப் பார்த்தாள். பத்து விரலிலும் வெள்ளை விளிம்பு. கட்டைவிரலில் ஓரம் கொஞ்சம் கூர்மையாக இருந்தது. சீவி விடட்டுமா என்று ஆசையாகக் கையை நீட்டினாள். அணில் வெடுக்கென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அறுவடை வரைக்கும் யாரும் தொடக்கூடாதும்மா."

"நான் யாரோவாடி?"

அணில் சிரித்தாள். அன்றைக்கு யார் வெட்டுவார்கள் என்று கேட்டதற்கு, அது ரகசியம், நாளைக்குத்தான் சொல்வேன் என்றாள். நர்ஸுக்கு அதில் என்ன ரகசியம் இருக்கிறது என்று புரியவில்லை. யார் வெட்டப் போகிறார்கள்? அந்தச் சாக்பீஸ் மிஸ்தான் வெட்டுவாள். எல்லோரும் பார்க்க, மேடை போட்டு, சிரித்துச் சிரித்து வெட்டுவாள். பெற்றவள் ஓரமாக நின்று கை தட்ட வேண்டும்.

மத்தியானம் மெக்கானிக் வேலைக்குப் போயிருந்தார். விளையாடிக் களைத்த அணில் சோபாவில் கையை விரித்துப் போட்டுத் தூங்கினாள். நர்ஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சும்மா பார்க்கத்தான் உட்கார்ந்தாள் என்று சத்தியம் செய்யலாம், நகவெட்டி ஏன் கையில் இருந்தது என்று யாரும் கேட்காவிட்டால்.

சுண்டுவிரலில் ஆரம்பித்தாள். க்ளிக் என்று சன்னமாகச் சத்தம். அணில் அசையவில்லை. அந்த விரல்கள் கைக்குழந்தை விரல்கள் இல்லை, நீண்டுவிட்டன, நடுவிரலில் பென்சில் பிடித்த காய்ப்புகூட இருந்தது. ஆனாலும் அந்தக் கனம் அதே கனம். தூங்குகிற பிள்ளையின் கை எப்படித் தன்னை முழுக்கக் கொடுத்துவிட்டுக் கிடக்குமோ அப்படிக் கிடந்தது. ஒவ்வொரு விரலாக, நேராக, ஓரம் பிசிறில்லாமல், ஆஸ்பத்திரியில் பழகின கையோடு வெட்டினாள். அரத்தால் மெல்ல இழைத்தும் விட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

பத்தாவது விரல் முடிந்ததும்தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. துண்டுகளைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டாள். எழுந்ததும் சொல்லிவிடலாம், கொஞ்சம் அழுவாள், ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டாள்.

அணில் எழுந்ததும் அழவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்று, கையை விரித்து வைத்துக்கொண்டு, நாக்கால் பல்லையெல்லாம் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, நான் தூக்கத்துல கடிச்சுட்டேனா?"

நர்ஸ் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல ஆகிவிட்டது. இல்லை என்று சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை. அவள் திரும்பாமலே சொன்னாள்.

"இருக்கும்."

"வாயில ஒண்ணும் இல்லையே. எல்லாத்தையும் முழுங்கிட்டேனோ?"

அதற்கு அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

திங்களும் செவ்வாயும் அணில் கையை முஷ்டியாகவே வைத்துக்கொண்டு திரிந்தாள். மிஸ்ஸைக் கண்டால் வேறு பக்கம் போனாள். செவ்வாய் சாயங்காலம், கடிக்க ஒன்றுமில்லாவிட்டாலும் விரல் பழையபடி வாய்க்குப் போயிற்று. நர்ஸ் அதைக் கண்ணால் பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில், சொல்லவே நாக்கூசுகிற ஒரு சந்தோஷம் அவளுக்குள் எட்டிப் பார்த்தது. பார்த்தாயா, சாக்பீஸ் வித்தையும் இவ்வளவுதான். அடுத்த கணமே தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு. அறைந்துகொள்ளவும் இல்லை, சொல்லவும் இல்லை.

புதன்கிழமை காலையில் பள்ளியின் பெரிய கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அம்மாக்கள் வந்து கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், நடுநடுவே இரண்டொரு அப்பாக்கள். இவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று நர்ஸ் யோசித்தாள். வேடிக்கை பார்க்க வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பின்சுவரில் சாய்ந்து நின்றாள்.

சாக்பீஸ் மிஸ் முதல் பிள்ளையைக் கூப்பிட்டாள். பையன் வந்து இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு மிஸ் ஒரு நகவெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்து, "உன் விளைச்சலை யாரு அறுக்கணும்?" என்று கேட்டாள். பையன் ஓடிப்போய்த் தன் அம்மாவின் மடியில் அதைப் போட்டான்.

அடுத்த பிள்ளையும் அப்படித்தான். அதற்கடுத்தது அப்பாவைக் கூப்பிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு தாய், இதைத் திங்கட்கிழமை வரை யாருக்கும் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளையாம், அன்றைக்கு மிஸ்தான் போன் பண்ணிக் கூப்பிட்டாள் என்று நர்ஸின் காதில் சொன்னாள். நர்ஸுக்கு யாரும் போன் பண்ணவில்லை. அப்படியானால் தன் பிள்ளை யாரைக் கேட்டிருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த நேரத்திலும் அந்தப் பொறாமை ஒரு மூலையில் விடாமல் உட்கார்ந்திருந்தது.

அணிலின் முறை வந்தது. முஷ்டியைத் திறக்காமல் நின்றாள். மிஸ் குனிந்து காதில் ஏதோ சொன்னாள். அணில் தலையை ஆட்டினாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"தூக்கத்துல கடிச்சுட்டேன் மிஸ். பத்தும்."

கூடத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். சாக்பீஸ் மிஸ் அந்தச் சின்ன முஷ்டியை மெல்லப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தன் கட்டைவிரலால் அந்த விளிம்புகளை ஒருமுறை வருடினாள். கடித்த நகம் ரம்பம்போல இருக்கும். இது நூல் பிடித்த மாதிரி நேராக, இழைத்து, மழமழவென்று இருந்தது. நகம் கடித்தே வளர்ந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் நிமிர்ந்து, இத்தனை தலைகளுக்கு மேலாக, பின்சுவரைப் பார்த்தாள். நர்ஸின் முகத்தில் ஈயாடவில்லை.

இப்போது சொல்லப்போகிறாள் என்று நர்ஸ் காத்திருந்தாள். சொன்னால்கூடப் பரவாயில்லை. திட்டு வாங்கிக்கொண்டு திருப்பித் திட்டலாம்.

"தூக்கத்துல நடந்தது கணக்குல வராதுடா கண்ணா. நீ முழிச்சிருக்கறப்ப ஜெயிச்சுட்டியே" என்றாள் மிஸ். அவளே முதலில் கைதட்டினாள். கூடமும் தட்டியது.

அணில் சிரிக்கவில்லை. நேராகப் பின்சுவருக்கு வந்தாள். அம்மாவின் வெள்ளைக் கோட்டில் முகத்தை வைத்துக்கொண்டு, துணிக்குள்ளேயே சொன்னாள்.

"உன்னைத்தாம்மா வெட்டச் சொல்லியிருந்தேன். நானே சொல்றேன், போன் பண்ணாதீங்கன்னு மிஸ்கிட்ட கேட்டிருந்தேன். இப்ப வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல."

நர்ஸ் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். அங்கேயே மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"நீ கடிக்கலடி. நான்தான் வெட்டினேன். நீ தூங்கறப்ப. அந்த மிஸ் வெட்டிடுவாங்களோன்னு பொறாமையில வெட்டிட்டேன். நீ கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

அணில் அவளையே பார்த்தாள். கோபம் வரும், அழுகை வரும், கையை உதறுவாள் என்று நர்ஸ் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். பிள்ளையின் முகத்தில் அது ஒன்றும் வரவில்லை. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

"அப்ப நான் கடிக்கவே இல்லையா?"

"இல்ல."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்லடா."

அணில் ஓடினாள். தன்னைக் கட்டிக்கொள்ள அம்மா கையை நீட்டியிருந்ததைக்கூடக் கவனிக்காமல், கூடத்துக்குள் பாய்ந்து, நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடினாள். பத்து விரலையும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"மிஸ், நான் கடிக்கவே இல்ல! எங்கம்மாதான் வெட்டிட்டாங்க! நான் கடிக்கல மிஸ்!"

சாக்பீஸ் மிஸ் அவளை இடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். அணில் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூன்று நாளாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள், நடுவில் சிரித்தாள். கூடத்தில் இருந்த அத்தனை அம்மாக்களும், கையில் பிடித்த நகவெட்டியோடு, ஒருசேர வாசல் பக்கம் திரும்பினார்கள்.

நர்ஸ் எழுந்து வாசற்படியில் வந்து நின்றாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம், கிண்ணங்கள் இருக்கின்றன. போகவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று நின்றாள். தன் பிள்ளையை இவ்வளவு சந்தோஷமாக அவள் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷம் இன்னொருத்தியின் தோளில் இருந்தது. பொறாமை கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அதற்காகப் பழிசொல்ல இனி அவளுக்கு ஆள் யாரும் இல்லை.